இரண்டு விரல் நுழையாத வாய்

கடலை மிட்டாயைக் கடித்த மறுநாள் காலை பல் துலக்கப் போனால், வாய் பாதிதான் திறக்கிறது. இரண்டு வருடமாக இடது காதோரம் ‘டொக்’ என்று கேட்ட சத்தமும் அன்றோடு நின்றுவிட்டது. நல்லதாயிற்று என்று நினைத்தது என் முட்டாள்தனம். தாடை மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் தட்டு முன்னால் நழுவி அங்கேயே சிக்கிக்கொண்டாலும் சத்தம் அப்படி அடங்குமாம்.

முதலில் போன இடத்தில் பற்களைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்றார்கள். தேய்த்த பல் திரும்பி வளராது, எழுந்து வந்துவிட்டேன். 1934-இல் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர், பற்கள் பொருந்தும் விதத்தோடு இந்தத் தொல்லையை முடிச்சுப் போட்டார். அவருடைய விளக்கம் பிற்காலத்தில் நிற்கவில்லை. தேய்க்கும் ஆசை மட்டும் சிலரிடம் நிற்கிறது.

அடுத்துப் பார்த்த முகத்தாடை அறுவை மருத்துவர் கத்தியைப் பற்றிப் பேசவே இல்லை. வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார்: 26 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40-க்குக் குறையாதாம்.

இரவில் பற்கள்மேல் மாட்டிக் கழற்றும் உறை, வெந்நீர்த் துண்டு ஒத்தடம், குழைந்த சோறு. ஆனால் உண்மையில் கைகொடுத்தது கணினித் திரையின் ஓரத்தில் நான் ஒட்டிய சிவப்புப் பொட்டு. அது கண்ணில் படும்போதெல்லாம் பற்களைக் கவனிப்பேன். இறுகக் கடித்துக்கொண்டுதான் இருப்பேன்! உதடு மூடி, பல் விலகி, நாக்கு மேலண்ணத்தில் படிந்திருப்பதுதான் தாடை இளைப்பாறும் நிலை.

ஆறாவது வாரம் 38. மூன்று விரல்கள் நெருக்கியடித்து நுழைந்தன. கடலை மிட்டாயை இப்போது அம்மா அம்மிக்குழவியால் உடைத்துத்தான் தருகிறார்.