டீசல் டியூனிங் மென்பொருள்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எந்த மென்பொருள் நல்லது?" என்ற கேள்வியிலேயே பலருடைய முதல் தவறு இருக்கிறது. டியூனிங் என்பது இசியூவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், உள்ள அமைப்புகளை மாற்றுவது. வண்டியில் எந்த இசியூ இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. ஒரே பெயரில் பல ஆண்டுகள் விற்கும் வண்டியில்கூட போஷ் இடிசி15, இடிசி16, இடிசி17 என்று தலைமுறை மாறியிருக்கலாம். இசியூவின் மேலே ஒட்டியிருக்கும் ஹார்டுவேர், சாஃப்ட்வேர் எண்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கருவியைத் தேடுவது அப்புறம்.

இன்னொன்று, ஒரே மென்பொருள் எல்லாவற்றையும் செய்துவிடும் என்ற எதிர்பார்ப்பு. கெஸ், ஆட்டோடியூனர் போன்றவை இசியூவிலிருந்து ஃபைலை எடுக்கவும் திரும்ப எழுதவும் உதவுபவை. வின்ஓஎல்எஸ், இசிஎம் டைட்டானியம் போன்றவை அந்த ஃபைலில் உள்ள மேப்களை, அதாவது எந்த நிலையில் எவ்வளவு டீசல், காற்று என்று சொல்லும் அட்டவணைகளை, திருத்துபவை. ஓட்டத்தில் நடப்பதைப் பதிவுசெய்யும் லாகிங் மூன்றாவது வேலை. பெரும்பாலானோர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியதே இதுதான். இசியூ கேட்கும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) எவ்வளவு, உண்மையில் வருவது எவ்வளவு, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) சரியாக நிற்கிறதா, உள்ளே போகும் காற்று போதுமா என்று பார்க்காமல் கை வைத்தால், ஹோஸில் இருக்கும் கசிவைக்கூட டியூனிங்கால் சரிசெய்யப் பார்ப்போம்.

'ஆதரிக்கும் வண்டிகள்' பட்டியலில் உங்கள் வண்டி இருந்தால் மட்டும் போதாது. ஓபிடி போர்ட் (வண்டியின் டயக்னாஸ்டிக் சாக்கெட்) வழியாக முழுதாகப் படிக்க முடியுமா, எழுத மட்டும் முடியுமா, பெஞ்ச் (இசியூவை மேசையில் வைத்து இணைப்பது) அல்லது பூட் (இசியூவைத் திறந்து இணைப்பது) முறையில் அதைக் கழற்ற வேண்டுமா என்று கேளுங்கள். விர்ச்சுவல் ரீட் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதில் கருவி இசியூவின் அடையாள எண்ணை மட்டும் எடுத்து, அதற்குப் பொருத்தமான ஒரிஜினல் ஃபைலை சர்வரிலிருந்து தருகிறது. வண்டியை ஏற்கெனவே யாராவது டியூன் செய்திருந்தால், அந்த மாற்றம் உங்கள் கண்ணுக்கே படாது. அதற்கு பேக்கப்பும் இருக்காது.

ஒரே கிளிக்கில் ஸ்டேஜ் 1 (பாகங்களை மாற்றாமல் சக்தியைக் கூட்டும் டியூன்) தரும் மென்பொருளை நம்பி வாங்காதீர்கள். ஆக்ஸிலரேட்டர் வழியாக ஓட்டுநர் கேட்பது, டார்க் லிமிட்டர் (இன்ஜினின் சுழற்று விசைக்கான வரம்பு), ஸ்மோக் லிமிட்டர் (புகை வராமல் இருக்க டீசலுக்கான வரம்பு) ஆகியவற்றில் எது குறைவோ அதைத்தான் இசியூ எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் ஏற்றினால் பலன் இருக்காது, எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக ஏற்றினால் புகையும் எக்ஸாஸ்ட் வெப்பமும் எகிறும். இன்ஜெக்ஷன் டியூரேஷன் மேப்பை நீட்டுவது இன்னும் மோசம். இன்ஜெக்டர் அதிக நேரம் திறந்திருக்கும், ஆனால் பழைய அளவு டீசல்தான் போகிறது என்று இசியூ நினைத்துக்கொண்டிருக்கும். அது கணக்கிடும் டார்க் பொய்யாகிவிடும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் அந்தப் பொய்யே போய்ச் சேரும். எந்த மேப் எது என்று தெளிவாகக் காட்டி, நீங்களே திருத்த விடும் மென்பொருள்தான் தேவை.

விலை குறைவென்று குளோன் கருவியையோ கிராக் செய்த மென்பொருளையோ வாங்க வேண்டாம். செக்சம் (ஃபைல் பிழையின்றி இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) சரியாகத் திருத்தப்படாத ஃபைலை எழுதினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். பாதி எழுதும்போது கருவி தொடர்பை இழந்தால் இசியூ முடங்கலாம், உதவிக்கு அழைக்க ஆளும் இருக்காது. அசல் கருவியே ஆனாலும், எழுதும்போது பேட்டரியில் நிலையான மின்சப்ளை இருக்கட்டும்.

டிபிஎஃப் (புகைத்துகள் வடிகட்டி), இஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்கு அனுப்பும் அமைப்பு) நீக்கும் வசதியைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். வெளியேறும் நுண்துகள்கள் மூச்சில் கலப்பவை.

பணம் கட்டும் முன் கருவி மாஸ்டரா ஸ்லேவா என்று கேட்டுவிடுங்கள். ஸ்லேவ் கருவி எடுக்கும் ஃபைல் பூட்டப்பட்டிருக்கும், அதோடு இணைந்த மாஸ்டர் வைத்திருப்பவர்தான் திறக்க முடியும். பிறர் தரும் ஃபைலை எழுத மட்டும் அது போதும். நீங்களே திருத்தப் போகிறீர்கள் என்றால் மாஸ்டர்தான் வேண்டும். சந்தா முடிந்தபின் எந்த வசதிகள் நிற்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.