வாயு மாத்திரை வாங்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், வயிறு உப்பினால் கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மருந்தகத்தில் கேட்டு வாங்குவதும், அட்டையில் எம்.ஏ.எல். (MAL) எனத் தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணைப் பார்ப்பதும் நல்லது.

சிமெத்திகோன் மாத்திரை, குடலிலுள்ள சிறு காற்றுக் குமிழ்களை ஒன்றுசேர்த்து வெளியேற்ற உதவுகிறது. மெல்லும் வகையாயின், உணவுக்குப் பின் நன்றாக மென்றே விழுங்க வேண்டும். பெரியவர்கள் ஒரு நாளில் 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி தேவை.

தண்ணீரில் பொங்கும் உப்புத்தூளில் சோடியம் மிகுதி என்பதால், இரத்த அழுத்தம் உள்ள நம் பெரியவர்கள் (அவர்களுக்குத்தான் அது மிகவும் பிடிக்கும்) அதைத் தவிர்க்க வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்த்துக் கொட்டினால், வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள்.