உங்கள் ஊர் ரயில் பாதைக்கு நிதி கேட்பது எப்படி? பிங்க் புத்தகத்திலிருந்து எம்.பி. மேசை வரை

எங்கள் ஊர் வழியாகப் போகும் ரயில் பாதைக்காக மூன்று ஆண்டுகள் மனு எழுதியிருக்கிறேன். "பணியை விரைந்து முடிக்க வேண்டும், கூடுதல் ரயில் விட வேண்டும்" என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதுவேன். "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும், சில சமயம் அதுவும் வராது. நான்காம் ஆண்டு வேறு மாதிரி கேட்டோம். இந்தப் பாதைக்கு மொத்தச் செலவு எவ்வளவு, இதுவரை செலவானது எவ்வளவு, இந்த ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, இதே வேகத்தில் போனால் எப்போது முடியும் என்று ஒரே பக்கத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். அந்தத் தாள் நாடாளுமன்றத்தில் கேள்வியாக மாறியது. அமைச்சகத்திடமிருந்து தொகையோடு எழுத்துப்பூர்வமான பதில் வந்தது. அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. 2016 வரை ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. எந்தப் பாதை, எந்தப் புதிய ரயில் என்று அமைச்சர் சபையில் படிப்பார், மறுநாள் நாளிதழில் பட்டியலே வரும். 2017-18 முதல் அது பொது பட்ஜெட்டோடு இணைந்துவிட்டது. இப்போது நிதியமைச்சர் உரையில் ரயிலுக்குச் சில வரிகள்தான். மாநிலத்துக்கு மொத்தமாக ஒரு தொகை மட்டும் செய்தியில் வரும். 2025-26க்கு தமிழ்நாட்டுக்கு 6,626 கோடி என்று அறிவித்தார்கள். அந்த எண்ணை வைத்து உங்கள் ஊர்ப் பாதைக்கு என்ன கிடைத்தது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிங்க் புத்தகத்தைத்தான், அதாவது எந்தப் பணிக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று ரயில்வே வெளியிடும் பட்டியலைத்தான், திறக்க வேண்டும்.

படி 1: பிங்க் புத்தகத்தை எடுங்கள்

ரயில்வே வாரியத்தின் இணையதளத்தில் நிதி பட்ஜெட் பிரிவுக்குள் மண்டலவாரியாக பிடிஎஃப் கோப்புகள் இருக்கும். தெற்கு ரயில்வே கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். போன ஆண்டுக் கோப்பையும், முடிந்தால் அதற்கு முந்தைய ஆண்டுக் கோப்பையும் சேர்த்தே இறக்குங்கள். ஒரே ஆண்டின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் வாதாட முடியாது.

கைபேசியில் இதைச் செய்யாதீர்கள். அகலமான அட்டவணைகள், சின்ன எழுத்து. நாலு நெடுக்குப் பத்திகளில் ஒன்றைத் தவறவிட்டால் கணக்கே மாறிவிடும். கணினி இல்லையென்றால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து, அடிக்கோல் வைத்துப் படியுங்கள். நான் இன்றும் அப்படித்தான் படிக்கிறேன்.

படி 2: எண்ணைச் சரியாகப் படியுங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அட்டவணைக்கு மேலே மூலையில், தொகைகள் ஆயிரம் ரூபாயில் தரப்பட்டுள்ளன என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. 4,50,000 என்று இருந்ததை நாலரை லட்ச ரூபாய் என்று படித்தேன். "இத்தனை கிலோமீட்டர் பாதைக்கு வெறும் நாலரை லட்சமா?" என்று கோபமாக ஒரு மனு எழுதி, இருநூறு பேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அது உண்மையில் 45 கோடி. மனுவை வாங்கிய அலுவலகத்தில் ஒருவர் அந்த வரியைக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்ட இருநூறு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எங்கள் கோரிக்கையை யாரும் நம்பிக்கையோடு வாங்கவில்லை.

எளிய வழி இது: அட்டவணையில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வெட்டிவிடுங்கள். மீதி இருப்பது கோடி. 60,00,000 என்றால் 600 கோடி. 4,50,000 என்றால் 45 கோடி. 10,000 என்றால் ஒரு கோடி. வெறும் 1 என்று மட்டும் இருந்தால் ஆயிரம் ரூபாய்.

ஆம், ஆயிரம் ரூபாய்தான். அச்சுப்பிழை இல்லை. பணியைப் பட்டியலிலிருந்து நீக்காமல் உயிரோடு வைத்திருக்க அடையாளமாகப் போடும் தொகை அது. தமிழ்நாட்டின் புதிய பாதைகள் பலவற்றுக்கு வெவ்வேறு ஆண்டுகளில் இந்த ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. உங்கள் பாதைக்கு அது இருந்தால் அதுவே உங்கள் மனுவின் முதல் வரி.

அடுத்து பத்திகள். ஒவ்வொரு பணிக்கும் மொத்த மதிப்பீட்டுச் செலவு, போன நிதியாண்டுக்கு முன்புவரை செலவானது, போன ஆண்டுக்கான ஒதுக்கீடு, இந்த ஆண்டுக்கு முன்மொழிந்த ஒதுக்கீடு என்று வரும். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தம் 600 கோடி, இதுவரை செலவு 30 கோடி, இந்த ஆண்டு 45 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 570 கோடி. ஆண்டுக்கு 45 கோடி என்றால் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும், அதுவும் விலைவாசி ஏறாமல் இருந்தால். இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் பலம் பத்துப் பக்க மனுவுக்கு இல்லை.

பெயரைத் தேடும்போது ஒன்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'திரு' என்பதை எச் போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். முழுப் பெயரை அடித்தால் கிடைக்காமல் போகும். ஊர்ப் பெயரின் நடுப்பகுதியை மட்டும் அடித்துத் தேடுங்கள். புதிய பாதை, அகலப்பாதை மாற்றம், இரட்டைப்பாதை, பயணிகள் வசதி எல்லாம் தனித்தனித் தலைப்பில் வரும், ஒன்றில் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். சிறிய பணிகள் பல ஒரே வரியில் மொத்தமாக வருவதால், ஒரு நடைமேடைக் கூரை உங்கள் ஊர்ப் பெயரில் வராமல் இருக்கலாம். அதற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

(பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒரு வாசகர், "எங்கள் பாதை தெற்கு ரயில்வே கோப்பில் எங்குமே இல்லை" என்று எழுதியிருந்தார். ஓசூர் தமிழ்நாட்டில் இருந்தாலும் ரயில்வே கணக்கில் அது பெங்களூரு கோட்டம்; அந்தக் கோட்டம் தென்மேற்கு ரயில்வே மண்டலத்தின் உட்பிரிவு, மண்டலத் தலைமையகம் ஹூப்ளி. அவர் அந்தக் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்தவர்களுக்கு மண்டலம் தெற்கு ரயில்வேதான், ஆனால் கோட்டம் திருவனந்தபுரம். மாநில எல்லையும் ரயில்வே எல்லையும் ஒன்றல்ல.)

படி 3: பயணிகள் எண்ணிக்கையைக் கையில் வைத்திருங்கள்

"அந்தப் பாதையில் கூட்டம் இல்லை" என்ற பதில் நிச்சயம் வரும். அதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறோம். ஒன்று, நிலையத்தில் நின்று எண்ணுவது. ஒரு வாரம், காலை மாலை இரு வேளையும், ஏறுபவர் இறங்குபவர் தனித்தனியாக. கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் போதும். மற்றொன்று, முன்பதிவில்லா டிக்கெட் விற்பனை எண்ணிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பது.

மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில்தான் கேட்க வேண்டும், மாநிலத் தளத்தில் அல்ல. கட்டணம் 10 ரூபாய். எழுத 3,000 எழுத்துகள்வரை இடம் உண்டு. நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்ட இடம் அந்தப் பெட்டி. வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் படிவம் ஏற்க மறுக்கும். காரணம் ரூபாய்க் குறியீடும் வளைந்த மேற்கோள் குறிகளும். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, காற்புள்ளி போன்ற சில குறிகளை மட்டுமே அது ஏற்கும். தமிழில் கேட்க விரும்பினால் கேள்வியைத் தனி பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிட்டு, பெட்டியில் இணைப்பைப் பார்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போடுங்கள்.

"ஏன் ரயில் விடவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தரக் கடமை இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இருக்கிற ஆவணத்தைக் கேளுங்கள்: "இந்த நிலையத்தில் கடந்த மூன்று நிதியாண்டுகளில் விற்ற முன்பதிவில்லா டிக்கெட் எண்ணிக்கை, மாதவாரியாக." முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே தளத்தில் முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ரயில்மதத் செயலியையும் 139 எண்ணையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை ஓடும் ரயிலில் தண்ணீர் இல்லை, பெட்டி அசுத்தம் என்பது போன்ற புகார்களுக்கு. மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்திலும் நிதிக் கோரிக்கையை 'ஆலோசனை' என்று சொல்லி முடித்துவைத்துவிடுவார்கள்.

படி 4: எம்.பி.க்கு ஒரு பக்கம்

ஒரே பக்கம். அதற்கு மேல் வேண்டாம். பாதையின் இரு முனைகளையும் வழியில் உள்ள ஊரையும் முழுப் பெயரோடு எழுதுங்கள். 2025 ஜனவரியில் மதுரை–அருப்புக்கோட்டை–தூத்துக்குடி பாதையை மாநில அரசே வேண்டாம் என்றதாக ரயில்வே அமைச்சர் சொன்னதாகச் செய்தி பரவி, பிறகு அது தனுஷ்கோடிப் பாதை பற்றிய பேச்சு, கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று விளக்கம் வந்தது நினைவிருக்கும். பெயரில் சின்னக் குழப்பம் வந்தாலும் ஒரு வட்டாரமே கலங்கிப் போகும்.

கடிதத்தின் கீழே, அவர் அப்படியே பயன்படுத்தக்கூடிய கேள்வியை எழுதிக் கொடுங்கள். எங்கள் கேள்வி ஏறத்தாழ இப்படி இருந்தது:

"(அ) இந்தப் பாதைப் பணியின் தற்போதைய மதிப்பீட்டுச் செலவு என்ன? (ஆ) கடந்த மூன்று ஆண்டுகளில் ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும் ஆண்டுவாரியாக என்ன? (இ) ஒதுக்கியது செலவாகவில்லை எனில் காரணம் என்ன? (ஈ) பணி முடியும் கால இலக்கு என்ன?"

இதில் (இ) மிக முக்கியம். பல இடங்களில் பணம் ஒதுக்கியும் நிலம் கையகப்படுத்தாததால் தொகை திரும்பிப் போகும். அப்போது நீங்கள் தட்ட வேண்டிய கதவு டெல்லியில் இல்லை, உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பாதை போட்டுவிட்டால் ரயில் தானாக வந்துவிடாது. காரைக்குடி–திருவாரூர் அகலப்பாதை 2019 ஜூனில் திறந்தபோது கேட் கீப்பர்கள் போதிய அளவில் இல்லை. ரயிலிலேயே ஆள் வந்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் கடந்ததும் திறந்துவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் போல ஆனது. அந்த ரயிலில் ஏறிப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போனவர்களைக் காட்டி "கூட்டம் இல்லை" என்று சொல்வது நியாயமே இல்லை. கட்டுமானத்துக்கு ஒரு வரி என்றால், ஆட்களுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் ஒரு வரி உங்கள் கடிதத்தில் இருக்கட்டும்.

"பயணிகள் ரயிலே நஷ்டத்தில்தான் ஓடுகிறது" என்ற வாதமும் வரும். பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணத்தில் கிடைக்கிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். சாலை போடும்போது யாரும் லாபக் கணக்குப் பார்ப்பதில்லை. விடிகாலையில் வேலைக்குப் போகிறவரும், அரசு மருத்துவமனைக்குப் போகும் பாட்டியும் பத்து ரூபாய் டிக்கெட்டில் போய்வருவது நஷ்டம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மின்னஞ்சலைவிடத் தாளில் எழுதிய கடிதத்தையே நான் நம்புகிறேன். தொகுதி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இணையக் கையெழுத்து இயக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஐயாயிரம் பேர் ஆதரவு என்றாலும் அதில் எத்தனை பேர் அந்தத் தொகுதி என்று தெரியாது. நிலையத்தில் வாங்கும் முந்நூறு கையெழுத்து, ஊர்ப் பெயரோடு, அதைவிட எடை.

(பின்சேர்க்கை: பதிவுத் தபால் இல்லை என்று அஞ்சலகத்தில் சொல்லிவிட்டதாக இருவர் எழுதியிருந்தார்கள். 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். ஸ்பீடு போஸ்ட்டிலேயே பதிவு வசதியைக் கேட்டு வாங்குங்கள்.)

படி 5: மாதம் தவறக் கூடாது

பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று வருகிறது என்பதால் எல்லோரும் ஜனவரியில் மனு கொடுக்கிறார்கள். அதற்குள் தொகைகள் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். மண்டலங்களிலிருந்து பணிப் பட்டியல் கிளம்புவது அதற்குப் பல மாதம் முன்பு. எங்கள் அனுபவத்தில் ஆகஸ்ட், செப்டம்பர்தான் சரியான காலம். தெற்கு ரயில்வே பொது மேலாளர் கோட்டவாரியாக எம்.பி.க்களைச் சந்திக்கும் கூட்டம் எப்போது என்று தெரிந்துகொண்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் தாள் எம்.பி.யின் கையில் இருக்கட்டும். மக்களவைக் கேள்விக்கு 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், ரயில்வே கேள்விகள் அங்கே புதன்கிழமை வரும். கூட்டத்தொடர் அறிவித்ததும் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணுங்கள்.

போடிக்காரர்கள் இதைப் பொறுமையாகச் செய்து காட்டினார்கள். மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 இறுதியோடு நின்றது. தேனிக்கு அகலப்பாதையில் ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டு. அந்த ஆண்டுகளில் அவர்கள் கேட்பதை நிறுத்தவே இல்லை.

பயணிகள் சங்கம் இருந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் போதும். பதிவு எண் இருந்தால் கோட்ட ரயில் பயன்படுத்துவோர் ஆலோசனைக் குழுவில் இடம் கேட்கலாம். எங்கள் சங்கத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த குழு அமைக்கும்போது மறுபடி விண்ணப்பிப்போம்.

(பின்சேர்க்கை 3: "எங்கள் எம்.பி. அலுவலகம் பதிலே தரவில்லை" என்று பலர். மாநிலங்களவை உறுப்பினர்களையும் அணுகுங்கள். அவர்களுக்குத் தொகுதி எல்லை கிடையாது, தமிழ்நாட்டுக்கு 18 பேர் இருக்கிறார்கள். அங்கே ரயில்வே கேள்வி வெள்ளிக்கிழமை. பிங்க் புத்தகத்தில் உங்கள் பாதை இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு பின் அடித்துவிடுங்கள், ஆயிரம் ரூபாய்க் கணக்கு என்று சொல்லும் அந்த மூலை வரியை அடிக்கோடிட்டு.)