ஷோக்ரன்ஸ் இருக்கா? ஞாபக மாத்திரை ஆராய்ச்சிய இப்படி படிங்க

ஷோக்ரன்ஸ்னா உடம்போட எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர் சுரப்பிகள தாக்கற நோய், அது வந்தா கண்ணும் வாயும் காயறதோட நிக்காது, மண்டைக்குள்ள ஒரு மூட்டம் வேற, பேசிட்டிருக்கும்போதே வார்த்தை மறந்துடும். அந்த நேரத்துல ஏதோ நூட்ரோபிக் (ஞாபகத்தையும் கவனத்தையும் கூட்டும்னு சொல்ற) மாத்திரைக்கு நல்லா கேக்குதுன்னு ஆராய்ச்சி வந்திருக்குன்னு யாராவது சொன்னா உடனே வாங்கத்தான் தோணும், வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க.

மொதல்ல அந்த மருந்து உடம்புல எத தொடுதுன்னு பாருங்க. எச்சிலும் கண்ணீரும் சுரக்க அசிட்டைல்கோலின்ங்கற நரம்பு சேதி சொல்ற ரசாயனம், செல்லுல இருக்கற எம்3ங்கற ரிசெப்டர்ல (சேதிய வாங்கற இடம்) போய் ஒட்டணும், ஞாபகத்துக்கும் அதே அசிட்டைல்கோலின்தான் ஆனா அங்க முக்கியமா எம்1ங்கற ரிசெப்டர். இந்த ரிசெப்டர்கள தூண்டற செவிமெலின்னு ஒரு மருந்த அல்சைமர்ஸுக்குன்னுதான் முயற்சி பண்ணாங்க, 2000ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட அனுமதி கெடச்சது ஷோக்ரன்ஸ் வாய் வறட்சிக்கு, 30 மி.கி. மூணு வேளை, ஞாபகத்துக்கு இல்ல. ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு அது ஆகவும் ஆகாது. பிராசிடாம்ங்கற நூட்ரோபிக் பெரும்பாலும் அப்படியே கிட்னி வழியாத்தான் வெளிய போகும், ஷோக்ரன்ஸ் சில பேருக்கு கிட்னியையும் தொடும், அதனால கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பாக்காம அந்தப் பக்கமே போகாதீங்க. தூக்கம் வராம விழிப்பா வெக்கற மோடஃபினிலுக்கு வாய் காயறதே ஒரு பக்கவிளைவு.

அடுத்து, டம்மி மாத்திரை (மருந்தே இல்லாத மாத்திரை) குடுத்த குரூப் இருந்துச்சான்னு தேடுங்க. இது ரொம்ப முக்கியம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்ங்கற மருந்த ஷோக்ரன்ஸுக்கு எவ்ளோ வருஷமா குடுக்கறாங்க, 2014ல வந்த பிரெஞ்சு ஆராய்ச்சில 120 பேர 24 வாரம் பாத்தாங்க, வறட்சி வலி சோர்வு மூணுல ரெண்டாச்சும் நல்லா கொறஞ்சுதான்னு கேட்டா மருந்து சாப்பிட்டவங்கள்ல 17.9 சதவீதம், டம்மி சாப்பிட்டவங்கள்ல 17.2 சதவீதம். அந்த டம்மி குரூப் மட்டும் இல்லன்னா அந்த 17.9 சதவீதம் பேருக்கு மருந்து வேலை செஞ்சுதுன்னே நம்பியிருப்போம்.

என்னத்த அளந்தாங்கன்னும் பாருங்க, கண்ணுல பேப்பர் பட்டை வெச்சு கண்ணீர அளக்கற ஷிர்மர் டெஸ்டா, எச்சில் அளவா, இல்ல எப்படி இருக்குன்னு கேள்வி மட்டும் கேட்டாங்களா. எலில பண்ணதுன்னா அத வெச்சு மாத்திரை முடிவு பண்ண வேண்டாம்.

இதுக்கெல்லாம் முன்னாடியே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, இப்போ சாப்பிடற மாத்திரைய எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க. டைஃபன்ஹைட்ரமைன் மாதிரி தூக்கம் வர வைக்கற அலர்ஜி மாத்திரை, மன அழுத்தத்துக்கும் நரம்பு வலிக்கும் குடுக்கற அமிட்ரிப்டிலின், அடிக்கடி யூரின் போற தொந்தரவுக்கு குடுக்கற ஆக்ஸிபியூட்டினின், இதெல்லாம் அசிட்டைல்கோலின தடுக்கற வகை, வாயும் காயும் மூளையும் மந்தமாகும். லிஸ்ட்ல இதுல ஏதாவது இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, ருமட்டாலஜிஸ்ட்கிட்ட (ஷோக்ரன்ஸ் மாதிரி நோய்கள பாக்கற டாக்டர்) பேப்பர நீட்டி இதுக்கு வேற மாத்த முடியுமான்னு கேளுங்க.