கவுன்சில் வீடு கேட்கப் போகிறவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்காகப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் 2024 கணக்கின்படி 13 லட்சத்துக்கும் மேல். லண்டனில் எங்கள் ஆக்கள் நிறைய இருக்கிற ஹாரோ, பிரென்ட், நியூஹாம், ரெட்பிரிட்ஜ் பக்கங்களில் நெருக்கடி இன்னும் மோசம். அதனால் யாருக்காவது வீடு கிடைத்தால் "அவைக்கு ஆரோ ஆள் இருக்கு" என்று கதை கட்டிவிடுகிறார்கள். பல வீடுகளில் உண்மை வேறு: தேவை இருந்தும், அவசரத்தில் எடுத்த ஒரு முடிவோ மரியாதைக்காக எழுதிய ஒரு வரியோ கேஸைக் கெடுத்திருக்கும். (கீழே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சட்டம் வேறு.)

முதல் குழப்பம், இரண்டு விண்ணப்பங்களை ஒன்று என்று நினைப்பது. வெயிட்டிங் லிஸ்ட்டில் பெயர் பதிவது ஒன்று. வீடில்லாமல் போகப் போகிறோம் என்று ஹோம்லெஸ் விண்ணப்பம் கொடுப்பது இன்னொன்று. 1996 வீடமைப்புச் சட்டத்திலேயே முதலாவது 6ஆம் பகுதி, இரண்டாவது 7ஆம் பகுதி. லிஸ்ட்டில் யாரைச் சேர்ப்பது என்பதில் 2011க்குப் பிறகு கவுன்சில்களுக்கு நிறைய அதிகாரம் உண்டு. அந்த இடத்தில் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் ஒரு கணக்கு வைத்திருக்கும். ஹோம்லெஸ் உதவிக்கு அந்த வருஷக் கணக்கு தடை இல்லை. "நீங்கள் லிஸ்ட்டுக்குத் தகுதி இல்லை" என்று வந்த கடிதத்தைப் பார்த்து, வீட்டைவிட்டு எழும்பச் சொல்லி நோட்டீஸ் வந்த நேரத்திலும் கவுன்சில் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். பெரிய நஷ்டம் அது.

அதைவிடப் பெரியது, நோட்டீஸ் வந்ததும் வீட்டைக் காலி செய்வது. வீட்டுக்காரர் நல்ல மனுசன், அவரோடு கோர்ட்டுக்குப் போய் முகத்தை முறிக்க வேண்டாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டு ஹோலில் பாய் போட்டுவிட்டு, பிறகு கவுன்சிலுக்குப் போனால் அங்கே முதல் கேள்வியே "ஏன் வெளியே வந்தீர்கள்?" என்பதுதான். நீங்களாக விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அவர்கள் முடிவெடுத்தால், அதாவது 'இன்டென்ஷனலி ஹோம்லெஸ்' என்று எழுதிவிட்டால், நீண்டகால உதவிக்கான வழி அடைபடும். நோட்டீஸ் ஒரு கடிதம் மட்டுமே. கோர்ட் உத்தரவு வாங்கி, பெய்லிஃப் (உத்தரவை நிறைவேற்றும் கோர்ட் அலுவலர்) வந்தால்தான் உங்களைச் சட்டப்படி வெளியேற்றலாம். காரணம் சொல்லாமல் எழுப்பும் செக்‌ஷன் 21 நோட்டீஸை 2026 மே 1ஆம் தேதியிலிருந்து புதிதாகக் கொடுக்க முடியாது. வீட்டை விற்கப் போகிறேன், நானே குடிவரப் போகிறேன் என்றால்கூட நாலு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். சரி, அதற்காகக் கடைசிவரை இருந்தேதான் ஆக வேண்டுமா? கோர்ட் செலவு உங்கள் தலையில் விழலாம், பெய்லிஃப் வரும்வரை பிள்ளைகளோடு இருக்கச் சொல்வது நியாயமில்லை என்பதுதான் அரசு வழிகாட்டியின் போக்கும். ஆகவே நோட்டீஸ் வந்த கையோடு கவுன்சிலுக்கு அறிவியுங்கள். எப்போது வெளியேறலாம் என்று அவர்கள் சொல்வதை ஈமெயிலில் எழுதி வாங்குங்கள், போனில் சொன்னதை நம்பி வெளியே வராதீர்கள். கடைசி நாள்வரை வாடகையை நிறுத்தவும் வேண்டாம். 56 நாளுக்குள் வீடு இல்லாமல் போகும் நிலை இருந்தால், அதைத் தடுக்க உதவுவது 2018 ஏப்ரல் முதல் கவுன்சிலின் கடமை.

சொந்தக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். இடம் தந்தவரிடமிருந்து கவுன்சில் ஒரு கடிதம் கேட்கும். அண்ணா என்ன எழுதுவார்? "தம்பி குடும்பம் எங்களோடு இருக்கிறது. எங்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் அவர்களுக்கு ஒரு இடம் கிடைக்கும்வரை வைத்திருப்போம்." பாசமான கடிதம். அதிகாரி இதில் படிப்பது கடைசி வரியை மட்டும்தான்: இவர்களுக்கு இருக்க இடம் இருக்கிறது. பிறகு அவர் போன் எடுத்துக் கேட்பார், அண்ணி "இல்லை இல்லை, பரவாயில்லை, இருக்கட்டும்" என்பார். நம் வீட்டில் யாரையும் போ என்று சொல்ல வாய் வராது, அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் உண்மையில் இனி வைத்திருக்க முடியாது என்றால் எந்தத் தேதிவரை, ஏன் முடியாது, யார் எந்த அறையில் படுக்கிறார்கள் என்று நேராக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். போனிலும் அதே பதில் வர வேண்டும். இல்லாததை எழுதவும் கூடாது, வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள்.

அடுத்தது, கொடுத்த வீட்டை வேண்டாம் என்று சொல்வது. தூரம், நாலாம் மாடி, பள்ளிக்கூடம் மாற வேண்டும், கோயில் பக்கத்தில் இல்லை என்று பல காரணம். சில காரணங்கள் நியாயமானவையே. ஆனால் ஹோம்லெஸ் வழியில் வரும் இறுதி ஒஃபரை மறுத்தால் கவுன்சில் தன் கடமை முடிந்துவிட்டது என்று கைகழுவலாம், அந்த இறுதி ஒஃபர் தனியார் வாடகை வீடாகவும் இருக்கலாம். பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: வீட்டை ஏற்றுக்கொண்டே, அது பொருத்தமில்லை என்று மீளாய்வு கேட்கலாம். 21 நாளுக்குள் கேட்க வேண்டும். தோற்றால் அந்த வீடாவது கையில் இருக்கும். மறுத்துவிட்டு மீளாய்வு கேட்டுத் தோற்றவருக்கு ஒன்றும் மிஞ்சாது. முடிவு வருமுன் தற்காலிகமாகப் போடும் இடத்துக்கு இந்த மீளாய்வு உரிமை கிடையாது, அங்கே சட்டத்தரணியைத்தான் பிடிக்க வேண்டும். எந்த ஒஃபராக இருந்தாலும் மறுக்கும் முன் வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் ஷெல்டர் தொண்டு அமைப்பின் 0808 800 4444 இலவச எண்ணில் ஒருமுறை கதைத்துவிடுங்கள்.

மெடிக்கல் ஃபோமில் நம்மவர்கள் எழுதுவதைப் பார்த்தால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்: டயபெற்றிஸ், பிரஷர், முழங்கால் வலி, கொலஸ்ட்ரோல். கவுன்சில் கேட்பது வருத்தங்களின் பட்டியலை அல்ல. இப்போதைய வீடு அந்த வருத்தத்தை எப்படிக் கூட்டுகிறது என்பதைத்தான் கேட்கிறது. "அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம்" என்று விட்டுவிடாமல், "மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, அம்மா கிளினிக் போகும் நாளில் இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும், மற்ற நாட்களில் அவர் வெளியே வருவதே இல்லை" என்று எழுதுங்கள். ஜீபீயிடம் (குடும்ப டொக்டரிடம்) காசு கொடுத்து வாங்கும் "பெரிய வீடு கொடுத்தால் நல்லது" வகைக் கடிதத்தைவிட ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டின் அறிக்கை உதவும்.

இட நெருக்கடியிலும் கணக்குத் தப்புகிறது. ஐந்து பேர் இரண்டு அறையில் என்றால் நமக்கு நெருக்கடி, கவுன்சிலுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம். பத்து வயதுக்குக் குறைந்த ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருக்கலாம் என்றுதான் பொதுவாக எண்ணுவார்கள், ஒரே பால் பிள்ளைகளுக்கு வயது எல்லை இன்னும் மேலே போகும். 1985 வீடமைப்புச் சட்டத்தின் கணக்கிலோ வரவேற்பறையும் படுக்கலாம் என்ற அறைதான், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை ஆளே இல்லை! ஆகவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் கவுன்சிலின் ஒதுக்கீட்டுக் கொள்கையில் அறைக் கணக்கைத் தேடிப் படியுங்கள். ஹாரோவும் பிரென்ட்டும் தேவையைப் பார்த்து பேண்ட் (முன்னுரிமைப் பிரிவு) போடுவார்கள், கெம்டன், இஸ்லிங்டன் புள்ளி போடுகிறவை, பக்கத்து வீட்டுக்காரரின் கதை உங்களுக்குப் பொருந்தாது.

விசாவில் 'பொது நிதி இல்லை' (அரசு உதவிகளை எடுக்கக் கூடாது) என்ற நிபந்தனை இருந்தால், விண்ணப்பத்தில் கைவைக்கும் முன் ஒரு குடிவரவு சட்டத்தரணியைக் கேளுங்கள். கவுன்சில் வீடும் பொது நிதிக்குள் அடக்கம், விசாவே சிக்கலாகலாம். அகதி அந்தஸ்தோ நிரந்தர வதிவிடமோ கிடைத்தவர்களுக்குப் பொதுவாக இந்தத் தடை இல்லை.

லிஸ்ட்டில் ஏறிய பிறகு தூங்கிவிடுவதும் உண்டு. குழந்தை பிறந்தால், வீடு மாறினால், மகன் வேறு இடம் போனால் உடனே அறிவிக்க வேண்டும். புதுப்பிக்கச் சொல்லி வரும் ஈமெயிலுக்குப் பதில் போடாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள், அது பெரும்பாலும் மகள் பத்தாம் வகுப்பில் திறந்து கொடுத்த, இப்போது யாருமே பார்க்காத ஈமெயிலுக்குத்தான் போயிருக்கும். பிட் பண்ணுகிற (காலியான வீடுகளின் பட்டியலைப் பார்த்து விருப்பம் தெரிவிக்கிற) இடங்களில் சும்மா காத்திருந்தால் வீடு தேடி வராது, நீங்கள்தான் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அப்புறம், அந்த மகளையே மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

கடைசியாக, காசு வாங்கிக்கொண்டு "பேண்ட் ஏற்றித் தருகிறேன்" என்று சொல்லும் ஆட்கள். விண்ணப்பம் இலவசம், வரிசையை விற்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. அவர்கள் உங்கள் பெயரில் எழுதும் பொய்க்கு வழக்கு உங்கள் மீதுதான் வரும், தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். கிடைத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் இருப்பதும் 2013 சட்டப்படி குற்றம். வீடும் போய்விடும்.