உப்புக்காற்றைத் தாங்கும் மாடி சோலார்: ராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கு

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் தீவுக்குத் தீவே மின்சாரம் தயாரிக்கலாமே, சின்னதாக ஒரு நீர்மின் டர்பைன் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வடக்கு அந்தமானில் கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. அங்கே மலையும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. நம் பக்கத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர், எத்தனை மீட்டர் இறக்கம், இரண்டையும் பெருக்கி 9.81 ஆல் பெருக்கினால் கிலோவாட். கண்மாய் மடையில் விநாடிக்கு 50 லிட்டர் வந்து 2 மீட்டர் விழுந்தால் ஏட்டுக் கணக்கில் 0.98 கிலோவாட், சின்ன டர்பைனில் அதில் ஏறக்குறைய பாதிதான் மின்சாரமாகத் தேறும். அதுவும் கண்மாய் நிறைந்திருக்கும் சில மாதங்களுக்கு மட்டும். பாக் நீரிணையில் ஓதம் ஏறி வற்றுவதும் ஒரு மீட்டருக்குள்தான், அதை நம்பியும் பயனில்லை.

ஆக வெயில்தான் வழி. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் பூங்காவே வந்துவிட்டது. ஆனால் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கமுதியில் நிற்கும் கம்பி, கடலோர மண்டபம் ஊரின் உப்புக்காற்றில் நிற்காது. இந்தக் கடற்கரையில் பேனல் கெட்டு நிற்கும் சோலாரைவிட போல்ட், கனெக்டர், எர்த் கெட்டு நிற்பதுதான் அதிகம். பணத்தை எங்கே இறக்குவது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அளவு

நடுத்தரக் குடும்பத்துக்கு 540 வாட் பேனல் 6 போதும்: 3.24 கிலோவாட். நல்ல வெயில் நாளில் 13 யூனிட் அளவுக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாதிக்கும் கீழே போகும். நிழலில்லாத மொட்டைமாடியில் 250 முதல் 300 சதுர அடி வேண்டும். தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு போதும். 5 டிகிரிக்குக் கீழே படுக்க வைத்தால் பேனலின் கீழ் விளிம்பில் தண்ணீர் தேங்கி, காய்ந்து, உப்பும் அழுக்குமாக ஒரு கோடு படியும். அந்தக் கோடு கீழ்வரிசை செல்களை மறைத்து உற்பத்தியைத் தின்னும்.

மத்திய அரசின் பிஎம் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000 ரூபாய். சாமான் வாங்கும் முன்பே இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். செல் உள்நாட்டில் செய்த பேனலுக்குத்தான் மானியம். பேனலுக்கு ஐஇசி 61701 உப்புப்பனிச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இதற்கு மேல் பிராண்ட் பேரில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டாண்டு

இதில்தான் பெரும்பாலும் ஏமாற்று நடக்கும். கடையில் கிடைக்கும் ஜிபி டியூப் (துத்தநாகம் பூசிய தகட்டில் செய்த இரும்புக் குழாய்) பளபளவென்று இருக்கும். மேலே துத்தநாகப் பூச்சு மெல்லியது, கடலோரத்தில் சீக்கிரமே துரு பூக்கத் தொடங்கும். வேண்டியது ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு, குறைந்தது 80 மைக்ரான். வெட்டு, துளை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே துத்தநாகத்தில் முக்க வேண்டும். மாடியில் வந்து டிரில் போட்டால் அந்தத் துளையிலிருந்து துரு கிளம்பும். வேறு வழியில்லை என்றால் உடனே ஜிங்க் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். டியூபின் திறந்த வாயை மூடி, தாழ்வான இடத்தில் ஒரு வடிகால் துளை விடுங்கள். இல்லாவிட்டால் உப்புக்காற்று உள்ளே போய், வெளியே தெரியாமல் அரிக்கும்.

போல்ட் எஸ்எஸ் 316. தலையில் ஏ4 என்று பொறித்திருக்கும். ஏ2 என்றால் அது உப்புக்கு அவ்வளவு தாங்காத 304, திருப்பிக் கொடுங்கள். ஸ்டீல் ஸ்டாண்டும் அலுமினிய ஃப்ரேமும் தொடும் இடத்தில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் வையுங்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் நேராகத் தொட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். மரையில் ஆன்டி சீஸ் கிரீஸ் தடவாமல் முறுக்கினால் எஸ்எஸ் நட்டு பாதியில் பிடித்துக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது காற்று. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்த கடற்கரை இது. மணிக்கு 150 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 106 கிலோ விசையில் தள்ளும். ஆறு பேனல் ஏறத்தாழ 15.5 சதுர மீட்டர். மேல்நோக்கித் தூக்கும் விசை 1,650 கிலோவைத் தொடும். பேனலும் ஸ்டாண்டும் சேர்ந்து 260 கிலோ. மீதி 1,400 கிலோவை ஆறு கால்கள் பிடிக்க வேண்டும், காலுக்கு 230 கிலோவுக்கு மேல். வழக்கமாக வார்க்கும் ஒரு கன அடி கான்கிரீட் கட்டை 68 கிலோதான்! அது போதாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 48 செ.மீ. உயரம் வார்க்க வேண்டும். அல்லது தளத்தில் கெமிக்கல் ஆங்கர் (துளையிட்டுப் பசை விட்டுப் பதிக்கும் போல்ட்) போட வேண்டும். எதுவானாலும் தளம் தாங்குமா என்று முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள். மாடியின் விளிம்பில் காற்று இன்னும் மூர்க்கம், குறைந்தது ஒரு மீட்டர் உள்ளே தள்ளி வையுங்கள்.

வயரிங், எர்த்

கேபிள் 4 சதுர மி.மீ., வெள்ளீயம் பூசிய செம்பு. வெறும் செம்பு கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பிடித்து, தடை ஏறி, சூடாகி உருகும். பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர்களில் ஒரே கம்பெனியின் ஆண், பெண் முனைகளை மட்டும் சேருங்கள். வேறு வேறு கம்பெனி என்றால் பொருந்துவது போல இருக்கும், சீல் பிடிக்காது. கனெக்டர் தளத்தில் கிடக்கக் கூடாது, பேனலுக்கு அடியில் கட்டித் தொங்க வேண்டும். ஆறு பேனலும் தொடரில் 300 வோல்ட்டுக்குப் பக்கம் தரும். டிசி ஐசொலேட்டரை (பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைக்காமல் கனெக்டரைப் பிடுங்கினால் தீப்பொறி அணையாமல் நிற்கும், கை வெந்துவிடும்.

பேனலின் டிசியை வீட்டுக்கான ஏசி மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் ஃபேன் இல்லாததாக, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 தரத்தில் இருக்கட்டும். கடல் பார்த்த சுவரிலும் மேற்கு வெயிலிலும் மாட்டாதீர்கள். எர்த் பேனலுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. மேல்மணல் காய்ந்தால் மின்சாரத்தை விடாது. 3 மீட்டர் செம்பு பூசிய ராடு ஈரமண் வரை இறங்க வேண்டும். ஜிஐ பட்டை (துத்தநாகம் பூசிய இரும்பு) உவர்மண்ணில் கரைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா பாருங்கள்.

மின்வாரிய லைனோடு இணையும் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் கரன்ட் போனதும் தானும் நின்றுவிடும், வெயில் எவ்வளவு அடித்தாலும். லைன்மேன் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். புயலுக்குப் பின் நாள்கணக்கில் இருட்டில் இருக்க விருப்பமில்லை என்றால் பேட்டரியோடும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 5 யூனிட் லித்தியம் பேட்டரியும் வேண்டும். 28 வாட் ஃபேன் நான்கு இரவு பத்து மணி நேரம் ஓடினால் 1.1 யூனிட், ஃபிரிட்ஜுக்கு ஒரு யூனிட், விளக்கும் போனும் அரை யூனிட். போர் மோட்டாரை இதில் சேர்க்காதீர்கள்.

கழுவுவது

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன், நல்ல தண்ணீரால். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் தங்கும், கழுவாமலே விட்டிருக்கலாம். மன்னார் வளைகுடாப் பக்கம், ஆண் கடல் பார்த்த வீடுகளில் ஆனி முதல் ஆவணி வரை கச்சான் (தென்மேற்குக்) காற்றில் கடல்நீர்த் தெறிப்பு அதிகம், வாரம் ஒருமுறை செய்யுங்கள். அதே மாடியில் கருவாடு காயப்போட வேண்டாம். உப்பு ஒரு பக்கம், அதைத் தேடி வரும் காக்கை மறுபக்கம். எச்சம் காய்ந்து மூடிய செல் சூடாகிக் கருகும்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் ஏசி (வீட்டுப் பக்க) சுவிட்ச், பிறகு டிசி (பேனல் பக்க) சுவிட்ச் என்ற வரிசையில் அணைத்து, எல்லாப் போல்ட்டையும் ஒரு முறுக்கு பாருங்கள். புயல் போனபின் உடனே போடாதீர்கள். விரிந்த கண்ணாடி, அறுந்த வயர் இருக்கிறதா என்று தொடாமல் பாருங்கள். இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் பேனலையும் ஸ்டாண்டையும் நல்ல தண்ணீரால் அலசி, காய்ந்தபின் எலக்ட்ரீசியனை வைத்து டிசி வோல்ட்டையும் இன்சுலேஷனையும் அளந்து, அப்புறம் போடுங்கள்.