முதன்முதலாகச் செம்மறி வளர்ப்பவர் இனத்தை எப்படித் தேர்வு செய்வது? பத்துப் பெட்டை, ஒரு கிடாவுக்கான வழிகாட்டி

செம்மறி வளர்க்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த இனம் நல்ல இனம்?" என்றுதான். எந்த ஊர் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சேலத்தில் கொழுத்து நிற்கும் ஆடு ராமநாதபுரத்தில் அதே மாதிரி நிற்காது. உங்கள் ஊரைச் சுற்றி முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் தலைமுறையாக மேய்ந்து வரும் ஆடுதான் உங்கள் முதல் இனம். அது ஏன், அதை எப்படி அடையாளம் காண்பது, வாங்கும்போது எங்கே கை வைத்துப் பார்ப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம். ஒன்றிரண்டு ஏக்கரில் வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ளும் பட்டியை மனதில் வைத்துத்தான் அளவுகள் எல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன.

படி 1: எதற்கு வளர்க்கிறீர்கள்?

தமிழ்நாட்டுச் செம்மறியில் பாலுக்கென்று ஓர் இனம் கிடையாது. கம்பளிக்கு நீலகிரி இனம் உண்டு. ஆனால் அது மலைக் குளிருக்குப் பழகியது, சமவெளியில் வைத்துக் கஷ்டப்படுத்த வேண்டாம். கோயம்புத்தூர் குறும்பை, திருச்சி கறுப்பு ஆகியவற்றின் முடி முரட்டு ரகம், அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. ஆகவே கறிக்குக் குட்டி, நிலத்துக்கு எரு, இந்த இரண்டுதான் வரவு.

கறிக்கென்றால், கம்பளி இல்லாத குட்டை முடி ஆடே புதியவருக்கு ஏற்றது. முடி வெட்டும் வேலை இல்லை, உண்ணி இருந்தால் கண்ணுக்குத் தெரியும், வெயிலையும் தாங்கும்.

படி 2: ஆட்டுக்கு முன்னால் தீவனம்

25 கிலோ எடையுள்ள பெட்டைக்கு ஒரு நாளைக்குப் பசுந்தீவனம் 3 கிலோ, உலர் தீவனம் அரை கிலோ, தவிடு, பிண்ணாக்கு போன்ற அடர்தீவனம் 100 முதல் 150 கிராம் வேண்டும். சினையின் கடைசி ஒன்றரை மாதமும், குட்டிக்குப் பால் கொடுக்கும் முதல் இரண்டு மாதமும் அடர்தீவனத்தை 250 கிராமாகக் கூட்டுங்கள். பதினொரு ஆட்டுக்குத் தினமும் 33 கிலோ பசுந்தீவனம். தண்ணீர் வசதி இருந்தால் 20 சென்ட்டில் கம்பு நேப்பியர் தீவனப் புல்லும் 10 சென்ட்டில் வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனமும் இந்தத் தேவையைச் சமாளிக்கும். நேப்பியர் தண்டை ஓரிரு அங்குலமாக நறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துவிடும்.

மானாவாரி மட்டும்தான் என்றால் கணக்கு வேறு. கொங்குப் பகுதியின் மேய்ச்சல் நிலமான கொறங்காடு இதற்கு நல்ல பாடம். கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். புல் காய்ந்த கோடையில் உதிரும் வெள்வேலங்காய் ஆட்டைக் காப்பாற்றும். அப்படிப்பட்ட நிலத்திலும் ஏக்கருக்கு இரண்டு மூன்று ஆடு தாங்கினால் பெரிது. மூன்று மாதக் கோடைக்குக் கடலைக்கொடி, சோளத்தட்டை என்று 500 கிலோவாவது போராகக் குவித்து வைக்காமல் ஆடு வாங்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: தீவனச்சோளத்தைப் பூப்பதற்கு முன், குறிப்பாக வாடிய இளம் பயிராக, அறுத்துப் போடாதீர்கள். அதில் உருவாகும் சயனைடு நஞ்சு சில நிமிடங்களில் ஆட்டைச் சாய்த்துவிடும்.

படி 3: உங்கள் பகுதியின் இனம் எது?

*சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர், தர்மபுரி:* மேச்சேரி. வெளிர் பழுப்பு முதல் செம்பழுப்பு வரை நிறம். கிடா, பெட்டை இரண்டுக்குமே கொம்பு கிடையாது, வால் குட்டை. வளர்ந்த கிடா 35 கிலோவை ஒட்டியும் பெட்டை 22 முதல் 25 கிலோ வரையும் வரும். தோலுக்குப் பேர் போன இனம். கொம்பில்லாததால் நெருக்கமான கொட்டகையில் ஒன்றையொன்று காயப்படுத்துவது குறைவு. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இது பெரிய வசதி. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வாங்குமுன் ஒருமுறை போய், அசல் மேச்சேரி எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

*செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம், கடலூர்:* சென்னைச் சிவப்பு. செம்பழுப்பு உடல், சிலவற்றுக்கு நெற்றியிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளை. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. எடை மேச்சேரியை ஒட்டியதுதான். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பார்க்கலாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பகுதி என்பதால் குடற்புழுவில் கூடுதல் கவனம் வேண்டும்.

*ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்:* ராமநாதபுரம் வெள்ளை. ஆடு மேய்ப்பவர்களான கீதாரிகள், இரவில் ஆட்டை வயலில் அடைத்துக் கிடை போட்டு ஊர் ஊராக ஓட்டிச் செல்லும் மந்தைகளில் அதிகம் காண்பது இதைத்தான். நன்றாக நடக்கும், காய்ந்த புல்லிலும் உடம்பைக் காக்கும். அறுவடை முடிந்த நிலங்களில் கிடை போட வாய்ப்புள்ள ஊர் என்றால் எருக்கூலியும் சேரும்.

*தூத்துக்குடி, விருதுநகரின் தென்பகுதி:* வேம்பூர் ஆடு. வெள்ளை உடலில் அங்கங்கே செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். உயரமான ஆடு, தொங்கும் காது. அதே வட்டாரத்தில் கீழக்கரிசலும் உண்டு. மேலே கரும்பழுப்பு, வயிற்றுப்புறம் கறுப்பு, பெயருக்கு அதுதான் காரணம். இதை விட்டுவிடாமல் காப்பாற்ற வேண்டும். நல்ல பெட்டை கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் கிடாவையும் அதே இனத்தில் தேடிப் பிடியுங்கள்.

*திருநெல்வேலி, தென்காசி:* செவ்வாடு. சிறிய உடல், தீனி குறைவு, ஓடியாடி மேயும். மதுரை வாடிப்பட்டிப் பக்கம் கச்சைக்கட்டி கருப்பு.

உங்கள் மாவட்டம் இந்தப் பட்டியலில் இல்லையென்றால், அருகிலுள்ள வாரச் சந்தைக்கு வாங்காமல் இரண்டு வாரம் போய் நில்லுங்கள். வெள்ளிக்கிழமை செஞ்சி, சனிக்கிழமை எட்டயபுரம் போன்ற சந்தைகளில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும். எந்த நிற ஆடு முதலில் விலை போகிறது, எது பத்து மணிக்கும் கட்டிய கயிற்றோடு நிற்கிறது என்று பாருங்கள். நேர்த்திக்கடனுக்கு மறு இல்லாத ஒரே நிறக் கிடா கேட்பார்கள். பக்ரீத்துக்கு உடலில் குறையில்லாத, வளர்ந்த கிடா கேட்பார்கள், கொம்பு உடைந்திருந்தால் பலர் தொட மாட்டார்கள். உங்கள் குட்டியும் நாளை அங்கேதான் போய் நிற்கப் போகிறது.

வெளியூர் இனத்தின் மேல் ஆசையா?

டார்பர், மாண்டியா, நெல்லூர் ஜோடிப்பி என்று படம் காட்டி விற்கிறார்கள். அவை மோசமான ஆடுகள் அல்ல. டார்பர் தென்னாப்பிரிக்காவில் டார்செட் கொம்பாட்டையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து உருவாக்கியது, அங்கே அருமையாக வளர்கிறது. சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது.

முதலாவது விலை. வாங்கும்போது இன விலை கொடுக்கிறீர்கள், விற்கும்போது கறிக்கடைக்காரர் கிலோ விலைதான் தருவார். இன விலைக்கு விற்க வேண்டுமென்றால் உங்களைப் போல இன்னொரு புதியவர் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது நீலநாக்கு நோய். வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி தொடங்கித் தை வரை, கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் இதைப் பரப்பும். காய்ச்சல், உதடு வீக்கம், வாய்ப்புண், மூக்கில் கட்டிய சளி, குளம்புக்கு மேல் சிவந்து நொண்டுவது என்று வரும். நம் ஊர் ஆடுகளுக்கும் வருகிறது. இங்கே பிறந்து வளராத ஆட்டையும் கலப்பினத்தையும் இன்னும் கடுமையாகத் தாக்கும். முதல் மழையிலேயே பாதிப் பட்டி போனால் புதியவரின் மனமே விட்டுப்போகும்.

ஆசை தீரவில்லை என்றால், மூன்றாம் வருடம் ஒரு கிடா மட்டும் வாங்கிப் பாருங்கள். முதல் வருடம் வேண்டாம்.

படி 4: ஆட்டைக் கையில் பிடித்துப் பார்ப்பது

இனம் முடிவானபின் இதுதான் முக்கியமான வேலை. நல்ல இனத்தின் மட்டமான பெட்டையைவிட, சாதாரண இனத்தின் நல்ல தாய் மேல்.

*பல்:* கீழ் உதட்டை விலக்குங்கள். மேல் தாடையில் முன்பல் இல்லையே என்று பயப்பட வேண்டாம், ஆட்டுக்கு அங்கே ஈறு மட்டும்தான். கீழே எட்டும் சின்னப் பற்களாக இருந்தால் ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி. நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது, நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி, எட்டும் சேர்ந்திருந்தால் நான்கு வயது. உங்களுக்குத் தேவை இரண்டு பல், நாலு பல். பல் இடைவெளி விட்டோ தேய்ந்தோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

*கண்:* கட்டைவிரலால் கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளிறிய ரோஜா நிறமென்றால் சந்தேகம். வெள்ளையாக இருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு நிறைய இருக்கிறது. கூடவே தாடைக்கடியில் தண்ணீர்ப் பை போல வீங்கியிருந்தால் அந்த ஆட்டை விட்டு விலகி நில்லுங்கள்.

*மடி:* குட்டி போட்ட பெட்டை என்றால் இரண்டு காம்பையும் தனித்தனியாகப் பீய்ச்சிப் பாருங்கள். ஒரு பக்கம் கல் மாதிரி இறுகியிருந்தால் பழைய மடிநோய். அந்தப் பக்கம் இனிப் பால் வராது. மடியைத் தொட்டே பார்க்காமல் வாங்குவது புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

*கிடா:* விதை இரண்டும் ஒரே அளவாக, உறுதியாக, கட்டியின்றி இருக்க வேண்டும். ஒற்றை விதைக் கிடா எத்தனை அழகாக இருந்தாலும் பொலிகிடாவாக வேண்டாம். முடிந்தால் அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள்.

*எடை:* தராசு இல்லையென்றால் டேப் போதும். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 என்றால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 28, நீளம் 24 என்றால் சுமார் 28 கிலோ. முடி அடர்ந்த ஆட்டில் டேப்பை இறுக்கிப் பிடியுங்கள்.

பத்தில் ஆறு பெட்டையைக் குட்டியோடு வாங்குங்கள். சினை பிடிக்கிறது, பால் இருக்கிறது, குட்டியைச் சேர்த்துக்கொள்கிறது என்பதற்கு அந்தக் குட்டியே சாட்சி. மீதி நாலை இரண்டு பல்லில் வாங்கலாம். "மூணு மாசச் சினை" என்று வாய்வார்த்தையில் சொல்வதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நிறைசினை ஆட்டை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்கவும் வேண்டாம், சினை கலைந்துவிடும்.

படி 5: வாங்கும் மாதம், முதல் முப்பது நாள்

தை, மாசி ஏற்ற மாதங்கள். மழைக்கால நோய்கள் அடங்கியிருக்கும், தரையும் காய்ந்திருக்கும். முடிந்தவரை ஒரே பட்டியில் வாங்குங்கள். பத்து ஆட்டைப் பத்து இடத்தில் வாங்கினால் பத்து ஊர் நோயும் கூடவே வரும்.

கொட்டகையில் ஆடு ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர அடி இடம் வேண்டும், குட்டியோடு என்றால் பதினைந்து. தரையை மேடாக்கிக் கிராவல் கொட்டுங்கள், ஈரம் நின்றால் குளம்பு அழுகும். வீட்டில் ஏற்கெனவே வெள்ளாடு இருந்தால் புதிய ஆட்டை முப்பது நாள் தள்ளியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் இரண்டுக்கும் பொது.

கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, அம்மை, நீலநாக்கு நோய்த் தடுப்பூசிகளுக்கு நாள் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். துள்ளுமாரியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். மழைக்குப் பின் துளிர்த்த புல்லை வயிறு முட்ட மேய்ந்துவிட்டு வரும் குட்டி மறுநாள் காலையில் செத்துக் கிடப்பது இந்த நோயால்தான். பட்டியிலேயே கொழுத்த குட்டிதான் முதலில் போகும்.

குடற்புழு மருந்தை எடை பார்த்துக் கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். சினை பிடித்த முதல் ஒன்றரை மாதம் அல்பெண்டசோல் வேண்டாம்.

மாட்டுக்கு வாங்கி வைத்த தாது உப்புக் கலவையை ஆட்டுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் மஞ்சள் காமாலையும் காப்பி நிறச் சிறுநீருமாக ஆட்டை வீழ்த்தும். செம்மறிக்கென்றே கிடைப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 6: கிடா மாற்றம்

செம்மறி 17 நாளுக்கொருமுறை பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். நம் இனங்கள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும், இரட்டைக் குட்டியை வைத்து வரவு எழுதாதீர்கள்.

கிடாக்குட்டிகளை நாலு மாதத்தில் பிரித்துவிடுங்கள். தாமதித்தால் தங்கைக் குட்டியே சினையாகிவிடும். பெரிய கிடாவுக்கும் இதே கதைதான். முதல் ஈற்றுப் பெட்டைக் குட்டிகள் பருவத்துக்கு வரும்போது அதே கிடா பட்டியில் இருந்தால், மகளையே அடையும். அப்படிப் பிறக்கும் குட்டிகள் எடை குறைந்தும் நோஞ்சானாகவும் இருக்கும். பலரும் அதைத் தீனிக் குறை என்று நினைத்து அடர்தீவனத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒன்றரை வருடத்திலேயே கிடாவை விற்றுவிட்டு, அதே இனத்தில், வேறு ஊர்ப் பட்டியிலிருந்து இன்னொன்றைக் கொண்டு வாருங்கள். உங்கள் ஆடுகளோடு ரத்த உறவில்லாத, சம தரமுள்ள கிடா வைத்திருப்பவர் பக்கத்து ஊரில் இருந்தால், பணமே இல்லாமல் கிடாவுக்குக் கிடா மாற்றிக்கொள்ளலாம்.